இரண்டைக் கூட்டாதே

ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் உடம்பு எப்படி என்று அம்மா மூன்று முறை எழுதச் சொன்னாள். மூன்றுக்கும் சேர்த்து இந்த ஒரு வரி.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பாட்டில் செய்கிற தொழிற்சாலையில் பயிற்சி இன்ஜினியர். அங்கே எல்லா இயந்திரத்தையும் அழுத்தக் காற்றுதான் ஓட்டுகிறது. குழாய்களில் எங்கே கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடித்து, அந்த ஓட்டை வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குப் போட வேண்டும். குமிழி வந்தால் எனக்குச் சந்தோஷம், மேனேஜருக்கு வயிற்றெரிச்சல். "காத்துக்குக் கணக்கு எழுதுற பொண்ணு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. உனக்குத்தான் தெரியுமே.

அம்மாவுக்கு ஒரு கவலை. "ஆத்துக்கு அடியில சுரங்கம் தோண்டுற கம்பெனின்னு சொல்றாங்களே, இவன் ஸ்டோர்லதான இருக்கான்? என் தலையில கை வச்சு சொல்லிட்டுப் போனான், தரைக்குக் கீழ இறங்க மாட்டேன்னு" என்கிறாள். அப்பா கிணற்றுக்குள் இறங்கி ஏறாமல் போனதிலிருந்து அவளுக்கு ஜன்னல் இல்லாத இடம் எதுவுமே ஆகாது. ஸ்டோரில் ஜன்னல் இருக்கிறதா என்று எழுது.

உன் கடிதத்தை நான் படித்ததும் அம்மா பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொண்டுபோய் மறுபடி படிக்கச் சொல்கிறாள். "நீ படிக்கும்போது பாதிய முழுங்குறே" என்று என்மீது குற்றச்சாட்டு. பார்த்து எழுது.

வேளைக்குச் சாப்பிடு.
உன் தங்கை

ஜூன் 19

வாயில்லாப்பூச்சி இன்ஜினியருக்கு,

நான் கல்லு மாதிரி இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். ஸ்டோரில் இரண்டு ஜன்னல். ஒன்றில் வெயில் வரும், இன்னொன்றில் மேஸ்திரி தலை வரும்.

வேலை கிடைத்த செய்தியைக் கேட்டு விசில் அடிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. இங்கே வேலை நேரத்தில் எப்போதுமே அப்படித்தான். உதட்டைக் குவித்து ஊதினால் வெறும் காற்றுதான் போகிறது. குளிர் போல. என் கூட்டாளி ஒருவன், குறட்டை என்று பெயர், "எங்க காதுக்கு நிம்மதி" என்கிறான்.

நீ காற்றுக் கணக்கு போடுகிறவள் என்றதும் ஒரு சந்தேகம். ஸ்டோரில் ஒரு இரும்பு டேங்க் இருக்கிறது. எட்டு டீசல் டிரம் கொள்ளும். கம்ப்ரஸரில் மாட்டி, மீட்டரில் ஏழு காட்டும் வரை காற்று நிரப்புவோம். ஒட்டு போட்ட இடத்தில் தையல் ஊசி நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை. அடைக்கச் சொன்னால் "ஊசி ஓட்டைக்கா இவ்வளவு கூப்பாடு?" என்கிறார்கள். எட்டு மணி நேர வேலை முடியும்போது டேங்கில் எவ்வளவு மிஞ்சும்? சும்மா ஒரு பந்தயம். சீக்கிரம் எழுது. ரொம்ப அவசரமில்லை, ஆனால் சீக்கிரம்.

அம்மாவைத் தனியாக மாடிப்படி ஏறவிடாதே.
அண்ணன்

ஜூலை 1

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முதுகுவலி இருந்தது, ஜன்னல் செய்தி கேட்டதும் பாதி போய்விட்டது.

உன் கணக்கை மதிய இடைவேளையில் போட்டேன். இதுவரை யாரும் என்னிடம் ஆசைப்பட்டு ஒரு கணக்குக் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

மீட்டர் எப்போதும் வெளியே இருக்கிற காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்றுதான் காட்டும். வெளிக்காற்றுக்கே ஒரு பங்கு அழுத்தம் உண்டு. ஆகவே ஏழு என்றால் உள்ளே உண்மையில் எட்டு. உள்ளே இருப்பது வெளியே இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும்வரை, ஓட்டையில் காற்று ஒலியின் வேகத்தில் போகும். அதற்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் வேகம் கூடாது. இந்த இடம் வகுப்பில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது, நீ சிரிக்காதே.

வேகம், ஓட்டையின் பரப்பு, டேங்கின் கொள்ளளவு மூன்றையும் சேர்த்தால், டேங்கில் உள்ளது ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் பாதியாகும். எட்டு மணி நேரம் முடிகையில் மீட்டர் இரண்டு காட்ட வேண்டும். ஓட்டையின் விளிம்பு பிசிறாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும்.

பந்தயத்தில் ஜெயித்தால் எனக்கு ஒரு நல்ல குடை.
உன் தங்கை

ஜூலை 22

என் தங்கச்சிக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை. முட்டி மட்டும் அப்பப்போ வலிக்கிறது. நின்றே வேலை பார்ப்பதால் இருக்கும்.

குடை உனக்குத்தான்! கணக்கு அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. மேஸ்திரியே அசந்துபோய், "உன் கூடப் பொறந்ததுன்னு சொன்னா நம்ப முடியலையேடா" என்றார்.

ஒரே ஒரு வில்லங்கம் அந்த மீட்டர். வெளியே நிரப்பும்போது ஒழுங்காக ஏழு காட்டும். தண்டவாளத்தில் தள்ளி உள்ளே கொண்டுபோனால் ஐந்துதான். ஒவ்வொரு தடவையும் அதே ஐந்து. தள்ளுவண்டி குலுங்குவதில் முள் மந்தமாகிறது போல. அதனால் மீட்டர் பக்கத்திலேயே சாக்பீஸால் "+2" என்று எழுதிவைத்துவிட்டோம். காட்டுவதோடு இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டியது. நேற்று பந்தயத்துக்காக நடுவில் நிரப்பாமல் விட்டோம், வேலை முடியும்போது முள் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருந்தது. இரண்டைக் கூட்டினால் இரண்டு. நீ சொன்னதும் இரண்டு! எட்டு பேரும் கைதட்டினோம். உள்ளே கைதட்டினால் சத்தம் தகரம் தட்டுகிற மாதிரி கேட்கும். குறட்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அம்மாவுக்கு என் முத்தம். டீச்சருக்கு வணக்கம், அவரும் படிப்பார் அல்லவா.
அண்ணன்

ஜூலை 30, தந்தி

மீட்டர் சரி. இரண்டைக் கூட்டாதே. பூஜ்யம் என்றால் பூஜ்யம். கடிதம் வருகிறது. தங்கை.

ஜூலை 30

அண்ணா,

இதை ஆபீஸிலிருந்து எழுதுகிறேன். நீயும் இனி இந்த ஆபீஸ் விலாசத்துக்கே எழுது. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மீட்டர் வரி வந்ததும் என் வாய் மட்டும் படித்தது. அம்மா சிரித்தாள். டீச்சரும் சிரித்திருப்பார்.

ஸ்டோருக்குள் தள்ளினால் எந்த மீட்டரும் இரண்டு குறையாது. குலுங்கி மந்தமான முள் ஒருநாள் ஒன்று குறையும், ஒருநாள் மூன்று குறையும். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு குறைந்தால் முள் உண்மை சொல்கிறது. டேங்கைச் சுற்றியிருக்கும் காற்று, வெளியே இருப்பதைவிட இரண்டு அதிகம். அப்படிப்பட்ட காற்று எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் புகாமல் இருக்க, ஆற்றுக்கடியில் காற்றை நெருக்கி அடைத்துவைத்த சுரங்கத்தில்.

நீ எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதுவாயா? இந்தக் கணக்கை மட்டும் கேள்.

உள்ளே முள் பூஜ்யம் காட்டினால் டேங்கில் இருப்பதும் உன்னைச் சுற்றியிருப்பதும் சமம். சமமாக இருக்கும் காற்று வெளியே வராது. டேங்க் கனமாக இருக்கும், தட்டினால் நிறைந்த சத்தம் கேட்கும், ஆனால் உங்களுக்கு ஒரு மூச்சுகூடத் தராது. திறந்தவெளியில் இருக்கும் டேங்குக்கு நான் போட்ட கணக்கில் கடைசியில் இரண்டு வந்தது. நீங்கள் கூட்டியதும் இரண்டு. இரண்டும் ஒன்றாகிவிட்டது வெறும் பொல்லாத வேளை. அதற்கா கைதட்டினீர்கள்!

நம்பாவிட்டால் ஒன்று செய். நிரப்பிய டேங்கை உள்ளே தள்ளி, ஐந்து காட்டியதும் அப்படியே உடனே வெளியே கொண்டு வா. மறுபடி ஏழு காட்டும்.

அந்த டேங்க் எதற்கு என்று நீ சொல்லவில்லை. மின்சாரம் நின்று கம்ப்ரஸர் ஓயும் நேரத்துக்கா? அப்படியென்றால் வேலை நடுவில் ஒருமுறை கட்டாயம் நிரப்புங்கள். எந்த அறைக்குள் போய் ஒதுங்குவீர்களோ அதற்குள்ளேயே டேங்கை வையுங்கள். அப்போது ஓட்டையில் கசிவதும் உங்களுக்கே வரும்.

பதில் போடு. ஒரு வரி போதும்.
உன் தங்கை

ஜூலை 27, தாமதமாக வந்த கார்டு

தங்கச்சிக்கு,

எல்லோரும் சௌக்கியமா? நான் அதே கல்லு.

ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் இந்தக் கார்டு. இதுவரை வேலைக்கு நடுவில் ஒருமுறை டேங்கை வெளியே தள்ளிப்போய் நிரப்பிவருவோம். பெரிய இம்சை. மேஸ்திரி உன் கணக்கைப் பார்த்துவிட்டு, "அதான் கடைசி வரைக்கும் ரெண்டு மிஞ்சுதே, நடுவுல எதுக்குத் தள்ளிக்கிட்டு?" என்று நிறுத்திவிட்டார். உன் புண்ணியத்தில் எட்டு பேருக்கும் தினம் ஒரு டீ அதிகம். எல்லோரும் உன்னை வாழ்த்துகிறார்கள்.

அம்மா முதுகு எப்படி?
அண்ணன்

ஆகஸ்ட் 12

அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டும். இப்போதைக்கு விசாரிக்க எனக்கு வேறு எதுவும் இல்லை.

உன் 27ஆம் தேதி கார்டு நான் தந்தி கொடுத்த பிறகு வந்து சேர்ந்தது. என் கணக்கால்தான் நடுவில் நிரப்புவதை நிறுத்தியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் இல்லை. டீச்சர் வாழ்த்துச் செய்தியைப் படிக்கப் படிக்க அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பொண்ணு கணக்கால எட்டு பேர் உட்கார்ந்து டீ குடிக்கிறாங்க" என்று தெருக்குழாயடியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

தொழிற்சாலையில் குழாய்க்கு அடியில் காதை வைத்துக் கசிவு தேடுவது வழக்கம். இன்று ஒரு வால்வில் உஸ்ஸென்று சத்தம் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த ஃபிட்டர் அண்ணன், "என்னம்மா, பாம்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கம்பை எடுத்துக்கொண்டு வந்து வெகுநேரம் தேடினார்.

பகலில் ஆபீஸ் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தபால்காரராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த நொடி, அவராக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

தந்தி கிடைத்ததா?
உன் தங்கை

ஆகஸ்ட் 14

தங்கச்சிக்கு,

முதலில், நான் உயிரோடு முழுசாக இருக்கிறேன். இதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடி. அப்புறம் மீதியைப் படி.

ஆமாம். நான் ஸ்டோரில் இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. ஸ்டோர்க்காரர் நல்ல மனுஷன், என் பெயருக்கு வரும் கடிதங்களை வாங்கிவைத்துத் தருவார். அவர் ஊருக்குப் போயிருந்த சமயம் உன் தந்தி வந்திருக்கிறது. பதிலாள், "அப்படி யாரும் ஸ்டோர்ல இல்லையே" என்று போல்ட் டப்பாவுக்கு அடியில் போட்டுவிட்டான். ஒரு வாரம் கழித்துக் கடிதமும் தந்தியும் சேர்ந்தே கைக்கு வந்தன. அந்த ஒரு வாரமும் நாங்கள் பூஜ்யத்தோடு இரண்டைக் கூட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

தந்தியைப் பார்த்துவிட்டு, "இது ஏதோ காதல் சங்கேதம்டா" என்றான் குறட்டை. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மேஸ்திரி நம்பவில்லை. "அன்னிக்கு மிஞ்சும்னாங்க, இன்னிக்கு மிஞ்சாதுங்கிறாங்க. கவர்மென்ட் மாதிரி பேசுறாங்களே உங்க தங்கச்சி!" நீ சொன்னபடி டேங்கை உள்ளே தள்ளினோம், ஐந்து. வெளியே இழுத்தோம், ஏழு. திரும்பவும் உள்ளே, ஐந்து. மேஸ்திரி தன் சட்டைக் கையாலேயே "+2"ஐத் துடைத்தார்.

அன்றிலிருந்து நடுவில் நிரப்பினோம். சுரங்கத்துக்கும் வெளிக்கும் நடுவே ஓர் இரும்பு அறை உண்டு. வேலை முடிந்ததும் அதில் உட்கார்ந்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் வெளியே வர வேண்டும். சட்டென்று வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தம் நுரைத்துவிடும். டேங்கை அந்த அறைக்குள்ளேயே வைத்தோம்.

நான்காம் நாள் மின்சாரம் போனது. கம்ப்ரஸர் நின்ற சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? காதிலிருந்து யாரோ கையை எடுத்துக்கொண்ட மாதிரி. பின்னால் தண்ணீர் வருகிற வாசனை. எட்டு பேரும் இரும்பு அறைக்குள் ஓடிக் கதவை அடைத்தோம். விளக்கு இல்லை. முள்ளைப் பார்க்க முடியாது. உன் ஊசி ஓட்டை மட்டும் உஸ்ஸென்று பேசிக்கொண்டிருந்தது. "அது பேசுற வரைக்கும் டேங்குல காத்து மிச்சமிருக்கு, பயமில்ல. நின்னாதான்" என்றேன். குறட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டான். மேஸ்திரி காற்றை அறைக்குள் விடும் டேங்க் வால்வில் ஒரு கை, வெளியே விடும் வால்வில் ஒரு கை வைத்து, அறையின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. கொசு மாதிரி, அப்புறம் கொசுவின் குட்டி மாதிரி. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. கிணற்றில் அவருக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காதே என்று.

வெளிக்கதவு திறந்தபோதும் அது பேசிக்கொண்டுதான் இருந்தது.

அம்மாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்.
அண்ணன்

ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர். பிறகு ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று அழுதேன். இப்போது சுகம்.

என்னைக் கல்லூரியில் சேர்த்த அதே மாதம்தான் நீ அந்த வேலைக்குப் போனாய். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நீயும் எழுத வேண்டாம். படிப்புதான் முடிந்துவிட்டதே. மேலே வந்துவிடு. ஸ்டோர்க்காரர் நல்ல மனுஷன் என்றாய், அவரிடம் கேள். நிஜமாகவே இரண்டு ஜன்னல் உள்ள இடமாகப் பார்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். நீ தெருமுனை திரும்பும்போதே விசில் சத்தம் கேட்டு அவள் அடுப்பைப் பற்றவைப்பாளே, அந்த விசில் இப்போது வருகிறதா என்று. வேலை நேரத்தில் ஒருமுறை அடித்துப் பார்த்து எழுது. அவள் ஆசைக்கு.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
உன் தங்கை

செப்டம்பர் 9

வாயில்லாப்பூச்சிக்கு,

உன் சொல்லைத் தட்டுவேனா? இந்த மாதம் முதல் தேதியிலிருந்து நான் ஸ்டோரில் இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாக. போல்ட், நட்டு, கையுறை, மழைக்கோட்டு எல்லாம் என் பொறுப்பு. ஓட்டை டேங்கும் இங்கேதான் கிடக்கிறது, புதிது வந்துவிட்டது. சந்தேகம் வேண்டாம் என்று காற்று நிரப்பி மீட்டரைப் பார்த்தேன். ஏழு. உள்ளேயும் ஏழு, வெளியேயும் ஏழு. திருப்தியா?

மேஸ்திரி உன்னை ரொம்ப விசாரித்தார். குறட்டை உனக்குக் குடை வாங்கி வைத்திருக்கிறான், பூப்போட்டது.

விசில் கேட்டிருந்தாயே. நேற்று வேலைக்கு நடுவே நான்கைந்து தடவை ஊதிப் பார்த்தேன். வெறும் காற்றுதான். பழக்கம் விட்டுப்போச்சு போல. ஊருக்கு வந்தால் தானாக வந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்.

இனி கவலையில்லாமல் தூங்கு.
அண்ணன்

செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலம் என்று எழுதியதைப் படித்தேன். அம்மா நலம். என்னைப் பற்றி நேரில்.

ஏழு என்று நீ எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். மேலே இருப்பவனுக்கு ஏழு காட்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதனால் அதை நான் நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை.

விசிலைத்தான் நம்பியிருந்தேன். அம்மா அதைக் கேட்கவே இல்லை, நான்தான் கேட்டேன். நெருக்கி அடைத்த காற்றில் உதட்டைக் குவித்து ஊதினால் விசில் பிறக்காது என்று கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்றில், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. உன் ஜூன் மாதக் கடிதத்திலேயே அது இருந்தது, நான்தான் குளிர் என்று விட்டுவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். நேற்று வேலைக்கு நடுவே ஊதிப் பார்த்தேன் என்கிறாய். வெறும் காற்று என்கிறாய்.

ஒருவேளை நிஜமாகவே பழக்கம் விட்டுப்போயிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ரயில் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் ஜன்னலில் ஊர் பெயரை இரண்டு தடவை வாய்க்குள்ளேயே சொன்னேன். பின்னால் நின்றவர், "சத்தமாச் சொல்லுமா, அவருக்குக் காது மந்தம்" என்றார். சொன்னேன். வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். அம்மாவிடம் ஆபீஸ் பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். தங்கும் இடத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டு இருக்கிறது என்றேன்.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி, நீ எதையும் மாற்றிக்கொள்ளாதே. வேலை முடியும் நேரத்துக்கு ஸ்டோர் வாசலில் நிற்பேன். அங்கிருந்து சுரங்கத்தின் வாயும் தெரியும் என்று நினைக்கிறேன்.

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாயோ வா. வந்ததும் ஒருமுறை விசில் அடி.

உன் தங்கை